பிரிண்டரைப் பார்த்துவிட்டு விண்டோஸா லினக்ஸா என்று முடிவு செய்யுங்கள்

விண்டோஸ் 10-ஐ மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு கைகழுவிவிட்டது. அதற்கப்புறம் பெங்களூருவில் ஸ்ரீராமபுரம், அல்சூர் பக்கம் நம் ஆட்கள் நடத்தும் ஜெராக்ஸ் கடை, ஆன்லைன் சென்டர், டேலி போட்டுக் கொடுக்கும் சின்ன ஆபீஸ் என்று எங்கே நின்றாலும் ஒரே கேள்வி. புதுக் கம்ப்யூட்டர் வாங்குவதா, பழையதிலேயே லினக்ஸ் போட்டுக்கொள்வதா, இருப்பதை அப்படியே ஓட்டுவதா? கேட்பவர்கள் ராம் எவ்வளவு, ப்ராசசர் எந்தத் தலைமுறை என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். நான் பெட்டிக்குப் பின்னால் குனிந்து என்னென்ன வயர் செருகியிருக்கிறது என்று பார்ப்பேன். இந்தக் கடைகளுக்குச் சோறு போடுவது பிரிண்டரும் ஸ்கேனரும் கைரேகைக் கருவியும்தான். அவற்றைக் கம்ப்யூட்டரோடு பேச வைக்கும் மென்பொருளான டிரைவர் கிடைக்காத இயங்குதளம் எவ்வளவு வேகமாக ஓடினாலும் கடைக்கு உதவாது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு கம்ப்யூட்டர் இருக்கும் கடையில் ஒன்றை மட்டும் விண்டோஸ் 11 ஆக்குங்கள். பழையதில் லினக்ஸ் போட்டு, பிரிண்டர்களை அதன் தலையில் கட்டுங்கள். ஒரே கம்ப்யூட்டர்தான் என்றால் விண்டோஸ் 11. மேக் இந்த வேலைக்கு வேண்டாம்.

டிரைவர் யார் கையில்?

விண்டோஸில் கருவியைத் தயாரித்தவர்தான் டிரைவரையும் எழுதுகிறார். மைக்ரோசாஃப்ட் கையொப்பமிட்டு வெளியே விடுகிறது. இதனால் ஒரு பெரிய வசதி: கடையில் விற்கும் எந்தப் பொருளுக்கும் விண்டோஸ் டிரைவர் முதல் நாளே தயார். இடைஞ்சலும் அதே இடத்தில்தான். புது மாடல் வந்ததும் பழைய மாடலுக்கு டிரைவர் எழுதிக்கொண்டிருக்கத் தயாரிப்பாளருக்கு ஒரு காரணமும் இல்லை. 32-பிட் விண்டோஸுக்கு எழுதிய டிரைவர் 64-பிட்டில் ஏறாது. விண்டோஸ் 11-இல் 32-பிட் பதிப்பே கிடையாது. கேனனின் லைட் 25 போன்ற ஸ்கேனர்களுக்கு 64-பிட் டிரைவர் வரவே இல்லை. கண்ணாடி, விளக்கு, மோட்டார் எல்லாம் நன்றாக இருந்தும் பரணுக்குப் போனவை எத்தனையோ.

லினக்ஸில் கதை தலைகீழ். பெரும்பாலான டிரைவர்கள் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே இருக்கின்றன. கெர்னலின் உள்ளமைப்பை யாராவது மாற்றினால், அதனால் பாதிக்கப்படும் டிரைவர்களையும் அவரே சரிசெய்ய வேண்டும் என்பது அங்கே வழக்கம். தயாரிப்பாளர் கடையை மூடிவிட்டுப் போனாலும் டிரைவர் பிழைத்துக்கொள்ளும். மேலே சொன்ன லைட் 25, லினக்ஸில் ஸ்கேனர்களுக்கென்று இருக்கும் சேன் தொகுப்பில் இன்றும் ஓடும். ஆனால் தயாரிப்பாளர் தகவலே தராமல் பூட்டி வைத்த கருவிக்கும், போன மாதம் சந்தைக்கு வந்த கருவிக்கும் லினக்ஸ் கையை விரிக்கலாம்.

மேக்கில் எல்லாம் ஆப்பிள் வைத்ததுதான் சட்டம். 2019-இல் வந்த கேட்டலினா பதிப்பு முதலே கெர்னலுக்குள் வெளியார் டிரைவர் நுழைவதை ஆப்பிள் படிப்படியாக அடைத்துவருகிறது. எம்1 முதலான ஆப்பிள் சிப் மேக்குகளில் அப்படிப்பட்ட டிரைவரை ஏற்ற, ரெக்கவரிக்குள் போய்ப் பாதுகாப்பு நிலையைக் குறைக்க வேண்டும். இன்டெல் மேக்குக்கு எழுதிய பழைய கெர்னல் டிரைவரை ஆப்பிளின் மொழிமாற்றியான ரொசெட்டாவும் மொழிமாற்றித் தராது. டிரைவர் இல்லாமலே அச்சடிக்கும் ஆப்பிளின் ஏர்பிரிண்ட் உள்ள புதுப் பிரிண்டர் என்றால் செருகியதும் ஓடும், அதில் குறையே சொல்ல முடியாது. நம் கடைகளில் இருப்பதோ பத்துப் பதினைந்து வருடப் பிரிண்டர்கள். பெங்களூருவின் கம்ப்யூட்டர் சந்தையான எஸ்.பி. ரோட்டில் பழைய இன்டெல் மேக் மினி மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது ஆசை காட்டினால், 2025-இல் வந்த டஹோதான் இன்டெல் மேக்குகளுக்குக் கடைசிப் பதிப்பு என்று ஆப்பிளே அறிவித்துவிட்டதை நினைவில் வையுங்கள். மேக்கைப் பற்றி இவ்வளவு போதும்.

விண்டோஸ் 11: எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

அல்சூரில் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கும் அக்கா ஒருவர் கேட்டார்: "லினக்ஸ் போட்டா காசே செலவில்லைன்னு எல்லாரும் சொல்றாங்களே தம்பி, போட்டுடலாமா?"

"போடலாம்க்கா. டேலியை எங்கே ஓட்டுவீங்க? டோக்கனை எங்கே செருகுவீங்க?"

பேச்சு அங்கேயே முடிந்துவிட்டது. டேலி பிரைம் விண்டோஸுக்கு மட்டும்தான். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன்களில் இபாஸ் 2003 போன்றவற்றை லினக்ஸில் ஓபன்எஸ்சி என்ற மென்பொருள் அடையாளம் காணும் என்பது உண்மை. ஆனால் டோக்கன், அதன் மென்பொருள், பிரவுசர், அரசு இணையதளம் என்று நான்கு பேரும் ஒரே நேரத்தில் ஒத்துழைக்க வேண்டும். ரிட்டர்ன் கடைசித் தேதி அன்று ராத்திரி பத்து மணிக்கு அதில் ஒருவர் முரண்டு பிடித்தால், போனில் கூப்பிட்டுக் கேட்க ஆள் கிடைப்பது விண்டோஸுக்குத்தான். ஆதார் கைரேகைக் கருவிகளும் இதே ரகம். அவை ஆர்.டி. சர்வீஸ் என்ற பதிவு செய்யப்பட்ட மென்பொருள் வழியாகத்தான் பேசும். அது பெரும்பாலும் விண்டோஸுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் எழுதப்படுகிறது. கன்னட டைப்பிங் எடுப்பவர்களுக்கு விண்டோஸில் ஓடும் நுடி மென்பொருள் வேறு இருக்கிறது. ஆகவே கடையில் ஒரு விண்டோஸ் இருந்தே ஆக வேண்டும்.

அது எந்த விண்டோஸ்? 10-இலேயே இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம். நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை அப்டேட் வரும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் எடுக்கச் சம்மதித்தால் பணம் கட்ட வேண்டியதில்லை. டிரைவர் கண்ணோட்டத்தில் பார்த்தால் இதுதான் தலைவலி குறைந்த வழி: ஓடிக்கொண்டிருக்கும் எதுவும் நிற்காது. அவகாசம் வாங்குகிறோம், அவ்வளவுதான். அந்த அவகாசத்தில் மற்ற வேலையை முடித்துக்கொள்ள வேண்டும்.

விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், பொதுவாக இன்டெல் 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய ப்ராசசர், ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசை முதல். எஸ்.பி. ரோட்டில் ஐ.டி. கம்பெனிகள் கழித்துவிட்ட லேப்டாப்புகள் அடுக்கடுக்காக இருக்கும். அவற்றில் 6, 7-ஆம் தலைமுறைப் பெட்டிகளிலும் விண்டோஸ் 11 போட்டுத் திரையைக் காட்டுவார்கள். அது ஏமாற்றில்லை, ஓடத்தான் செய்யும். சோதனையைத் தாண்டிக் குதிக்க வைத்து நிறுவியது. ஆனால் அதற்குத் தொடர்ந்து அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. அந்தப் பெட்டியின் கிராஃபிக்ஸ், சவுண்டு டிரைவர்களும் பெரும்பாலும் விண்டோஸ் 10 காலத்தோடு நின்றவை. விலை பேசும் முன் தகுதியைச் சோதிக்கும் மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக்கை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஓட்ட மாட்டேன் என்றால் அடுத்த கடை பத்தடி தள்ளித்தான் இருக்கிறது.

தகுதியான பெட்டியிலும் சில கண்ணிகள் உண்டு. பிரிண்டர் விஷயத்தில் மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பரில் ஒரு முடிவைச் சொன்னது: வெளியார் பிரிண்டர் டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியாக அனுப்புவதைப் படிப்படியாகக் குறைத்து, ஐ.பி.பி. என்ற பொது முறையில் பேசும் பிரிண்டர்களுக்கு முன்னுரிமை தரப் போகிறார்கள். ஏற்கெனவே நிறுவிய டிரைவர் ஓடும். தயாரிப்பாளர் தன் தளத்தில் தனியாகத் தருவதற்கும் தடை இல்லை. ஆனால் செருகினால் தானாக இறங்கும் என்ற பழைய சுகத்தை நம்பக் கூடாது. உங்கள் பிரிண்டரின் 64-பிட் நிறுவல் கோப்பு இன்றைக்குக் கிடைக்கிறதா? ஒரு பென் டிரைவில் எடுத்து வையுங்கள். விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 பதிப்பில் பாதுகாக்கப்பட்ட பிரிண்ட் முறை என்று ஒரு சுவிட்சும் வந்திருக்கிறது. இயல்பாக அணைந்தே இருக்கும். பாதுகாப்பு என்று பெயரைப் பார்த்து யாராவது தட்டிவிட்டால், மோப்ரியா என்ற பொதுத் தர அமைப்பின் சான்று இல்லாத பிரிண்டர்கள் எல்லாம் வேலை செய்யாமல் போய்விடும்.

மளிகைக் கடைக்காரர்களுக்கு வேறொரு கண்ணி. எலக்ட்ரானிக் தராசையும் பில்லிங் கம்ப்யூட்டரையும் இணைக்கும் யூ.எஸ்.பி. சீரியல் கேபிளில் ப்ரொலிஃபிக் பி.எல்.2303 என்ற சிப் இருக்கும், பல நேரம் அதன் போலி. புது டிரைவர்கள் பழைய சிப்பையும் போலியையும் சேர்த்தே மறுத்துவிடுகின்றன. டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் அந்தக் கருவியின் பெயர் இருக்க வேண்டிய இடத்திலேயே, இது 2012 முதல் நிறுத்தப்பட்டது, விற்றவரைக் கேளுங்கள் என்று எழுதியிருக்கும். கேபிள் செத்துவிட்டது என்று நினைத்துத் தூக்கிப் போடுகிறார்கள். அதே கேபிளை லினக்ஸில் செருகினால் பெரும்பாலும் மறுபேச்சில்லாமல் ஓடும்.

இத்தனை கட்டுப்பாடு எதற்கு என்று எரிச்சல் வரும். எனக்கும் வருவதுண்டு. ஆனால் 2024 ஜூலை 19-ஆம் தேதியை மறக்க முடியாது. க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் கெர்னல் டிரைவர், ஒரு பிசகான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்களை நீலத் திரையில் நிறுத்தியது. நம் நாட்டு விமான நிலையங்களில் அன்று கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். கெர்னலுக்குள் நுழைபவர்களைக் குறைக்க வேண்டும் என்று மைக்ரோசாஃப்டும் ஆப்பிளும் நினைப்பதில் நியாயம் இருக்கிறது. செலவு நம் பழைய பிரிண்டரின் தலையில் விடிகிறது.

ஸ்னாப்டிராகன் சிப் போட்ட விண்டோஸ் லேப்டாப் வாங்கலாமா என்றும் கேட்கிறார்கள். பேட்டரி நன்றாக நிற்கும். சாதாரண மென்பொருளை அது மொழிமாற்றி ஓட்டும். கெர்னல் டிரைவரை மொழிமாற்ற முடியாது. ஸ்னாப்டிராகனின் சிப் வகையான ஆர்ம்64-க்கென்று தனி டிரைவர் இருந்தால்தான் உண்டு. கல்லூரி போகும் பிள்ளைக்கு வாங்கிக் கொடுங்கள், கடை கவுண்டருக்கு வேண்டாம்.

லினக்ஸ்: மாடலுக்கு மாடல் வேறு பேச்சு

லினக்ஸில் பிரிண்டர் ஓடுமா என்ற கேள்விக்குப் பொதுவான பதிலே கிடையாது. பிராண்டைச் சொன்னால் போதாது, மாடல் தெரிய வேண்டும்.

எப்சனின் எல் வரிசை இங்க் டேங்க் பிரிண்டர்கள் பொதுவாக நல்ல பிள்ளைகள். அவற்றுக்கான டிரைவர் உபுண்டு, மின்ட் ஆகிய லினக்ஸ் வகைகளின் மென்பொருள் களஞ்சியத்திலேயே இருக்கிறது. ஸ்கேனுக்கு எப்சன் ஸ்கேன் 2-இன் லினக்ஸ் பதிப்பைத் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். பிரதர் தன் தளத்தில் லினக்ஸ் தொகுப்புகளைத் தருகிறது. எச்பிக்கு எச்பிலிப் என்ற முழுத் தொகுப்பே இருக்கிறது.

எச்பியில் ஒரு விசேஷம். இந்தியாவில் மூலைக்கு மூலை இருக்கும் லேசர்ஜெட் 1020, தன்னை உள்ளிருந்து இயக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரைத் தனக்குள் வைத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கம்ப்யூட்டர்தான் அதை ஏற்ற வேண்டும். விண்டோஸ் டிரைவர் அதைச் சத்தமில்லாமல் செய்துவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை. லினக்ஸில் எச்பிலிப் நிறுவியபின் அதன் ப்ளகினையும் ஒருமுறை தனியாக இறக்க வேண்டும். அதைச் செய்யாவிட்டால் பிரிண்டர் பட்டியலில் தெரியும், விளக்கு எரியும், காகிதம் மட்டும் வராது. செய்துவிட்டால் பெஸ்காம் கரண்ட் எத்தனை முறை போய் வந்தாலும் ஃபர்ம்வேரை அதுவே ஏற்றிக்கொள்ளும்.

கேனன் எல்பிபி 2900 இன்னும் கொஞ்சம் பிடிவாதம். அது காப்ட் என்ற கேனனின் சொந்த முறையில் பேசுகிறது. கேனன் லினக்ஸுக்கு டிரைவர் கொடுத்திருக்கிறது. பின்னணியில் ஒரு சேவை ஓட வேண்டும், கட்டளை தட்டிப் பிரிண்டரைப் பதிய வேண்டும். பழகியவருக்கு ஒரு மத்தியான வேலை. அந்த டிரைவர் இன்டெல் வகைக் கம்ப்யூட்டருக்கு மட்டும்தான். சின்னதாக, இன்டெல் வகையல்லாத ராஸ்பெரி பை கம்ப்யூட்டர் வாங்கி அதில் 2900-ஐ மாட்டிவிடலாம் என்று திட்டம் போடுபவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போடுங்கள்.

வைஃபைதான் லினக்ஸில் அதிகம் அழவைப்பது. லேப்டாப்புக்குள் இன்டெல் வைஃபை இருந்தால் கவலையே இல்லை. வெளியே செருகும் யூ.எஸ்.பி. குச்சிகள்தான் வம்பு. ஒரே பிராண்டு, ஒரே மாடல் பெயர், பெட்டியின் மூலையில் பொடி எழுத்தில் வி1, வி2, வி3 என்று இருக்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் வேறு சிப். எஸ்.பி. ரோட்டில் ஒரு கடையில் "லினக்ஸ் சப்போர்ட்டட்" என்று அட்டையிலேயே அச்சடித்த குச்சியை எடுத்துக் காட்டினார்கள். "எந்த சிப்புண்ணா?" என்று கேட்டேன். "அதெல்லாம் எல்லாத்திலயும் ஓடும் சார்" என்றார். கூடவே வந்த குறுந்தகட்டில் இருந்த டிரைவர், இன்று யாரும் பயன்படுத்தாத கெர்னலுக்கு எழுதியது.

இப்படிப்பட்ட டிரைவரை மூல நிரலிலிருந்து நாமே கம்பைல் செய்து போட்டாலும், கெர்னல் அப்டேட் ஆகும் ஒவ்வொரு முறையும் அது மறுபடி கம்பைல் ஆக வேண்டும், ஒருநாள் ஆகாது. நல்ல செய்தி என்னவென்றால், ரியல்டெக் 8821சியூ, 8822பியூ போன்ற சிப்புகளுக்கான ஆதரவு 2023-இல் வந்த 6.2 கெர்னலிலேயே சேர்ந்துவிட்டது. அதற்கு முந்தைய கெர்னல் ஓடும் கம்ப்யூட்டரில் தோற்ற குச்சி, புது மின்ட்டில் செருகியதும் ஓடலாம். கடைக்கு நான் சொல்வது இன்னும் எளிது: ரௌட்டரிலிருந்து ஒரு லேன் கேபிள் இழுத்துவிடுங்கள், வைஃபை தொல்லையே வேண்டாம்.

கிராஃபிக்ஸ் கார்டு பற்றி இணையத்தில் படிக்கும் அளவுக்குப் பயப்படத் தேவையில்லை. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2012-இல் மேடையிலேயே என்விடியாவைத் திட்டியது பிரபலம்; 2022 மே மாதம் என்விடியா தன் கெர்னல் டிரைவரைத் திறந்த மூலமாக வெளியிட்டது. அது ட்யூரிங் என்ற கார்டு வகைக்கும் அதற்குப் பின் வந்த கார்டுகளுக்கும்தான். பழைய கார்டில் டைப்பிங்கும் பிரிண்ட்டும் மட்டும் செய்யப்போகிறீர்கள் என்றால் லினக்ஸோடு வரும் நூவோ டிரைவரே போதும். இன்டெல், ஏஎம்டி என்றால் அந்தப் பேச்சே எழாது. ஆனால் ஃபோட்டோஷாப், கோரல்டிரா வைத்துக் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடை என்றால், டிரைவர் இருந்தும் பயனில்லை; அந்த மென்பொருள்கள் லினக்ஸுக்கு வருவதில்லை.

கூகுளின் இயங்குதளமான க்ரோம்ஓஎஸ் ஃப்ளெக்ஸ் பற்றி ஒரு வரி: அதில் கூகுள் தராத டிரைவரை நீங்கள் சேர்க்க வழியில்லை. விட்டுவிடலாம்.

இரண்டையும் சேர்த்து ஓட்டுவது

நாலாம் தலைமுறை ஐ3 டவர் ஒன்று எல்லாக் கடையிலும் இருக்கும். விண்டோஸ் 11-க்கு ஆகாது, எடைக்குப் போட்டால் ஒன்றும் தேறாது. அதில் லினக்ஸ் மின்ட் 22 போடுங்கள். 2029 வரை அப்டேட் உண்டு. எல்லாப் பிரிண்டர்களின் யூ.எஸ்.பி. வயரையும் அதில் செருகி, பிரிண்டர் செட்டிங்ஸில் பகிர்வை இயக்குங்கள். உள்ளே இருக்கும் கப்ஸ் என்ற அச்சுச் சேவை, பழைய பிரிண்டரைக் கடைக்குள் இருக்கும் மற்றக் கம்ப்யூட்டர்களுக்கு ஒரு புது நெட்வொர்க் பிரிண்டர் போலக் காட்டும். விண்டோஸ் 11-இல் பிரிண்டர் சேர்க்கும்போது அந்த டவரின் முகவரியையும் 631 என்ற போர்ட்டையும் கொடுத்தால், மைக்ரோசாஃப்டின் பொது ஐ.பி.பி. டிரைவரே பேசிக்கொள்ளும். தயாரிப்பாளரின் டிரைவர் விண்டோஸில் தேவையே படாது. ஸ்னாப்டிராகன் லேப்டாப்பும் மேக்கும் போனும் கூட இதே வழியில் பிரிண்ட் எடுக்கலாம். 64-பிட் டிரைவர் இல்லாத ஸ்கேனரையும் பரணிலிருந்து இறக்கி இந்த டவரில் மாட்டி, ஸ்கேன் செய்த கோப்புகளை ஒரு பொது ஃபோல்டரில் போடச் செய்யலாம்.

விண்டோஸ் 11 பெட்டியில் டேலி, டோக்கன், கைரேகைக் கருவி மட்டும் இருக்கட்டும். பிரிண்டர் டிரைவர் குப்பை சேராத விண்டோஸ் தகராறு செய்வதும் குறைவு.

இதில் குறையும் இருக்கிறது. டவர் நின்றால் எல்லாப் பிரிண்டும் நிற்கும், அதனால் அதற்கும் யூபிஎஸ் வேண்டும். இங்க் அளவு பார்ப்பது, ஹெட் சுத்தம் செய்வது போன்ற தயாரிப்பாளரின் சின்னச் சின்ன வசதிகள் பகிர்ந்த பிரிண்டரில் வராது. வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் வைஃபையும் கடை வைஃபையும் ஒன்றாக இருந்தால் யார் வேண்டுமானாலும் உங்கள் பிரிண்டரில் அடிக்கலாம். கெஸ்ட் நெட்வொர்க்கைத் தனியாகப் பிரியுங்கள். முதல் தடவை அமைத்துத் தர விஷயம் தெரிந்த ஒரு தம்பி வேண்டும். பெங்களூருவில் அதற்குப் பஞ்சமில்லை, ஒரு பிரியாணிக்கு வேலை முடியும்.

நிறுவும் முன் மின்ட்டை ஒரு பென் டிரைவில் எழுதி, ஹார்டு டிஸ்கைத் தொடாமல் அதிலிருந்தே பூட் செய்து பாருங்கள். நெட் வருகிறதா, சவுண்டு வருகிறதா, ஸ்கேனர் பட்டியலில் தெரிகிறதா, பிரிண்டரில் சோதனைப் பக்கம் அடிக்கிறதா. தெரியாத கருவி இருந்தால் விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் அதன் டீடெயில்ஸ் பக்கத்தில் ஹார்டுவேர் ஐடியைப் பாருங்கள். விஐடி, பிஐடி என்று நான்கு நான்கு எழுத்துகளாக இருக்கும் அந்த எண்ணோடு லினக்ஸ் என்று சேர்த்துத் தேடினால் பதில் கிடைத்துவிடும். பெட்டியில் அச்சடித்த பெயரை வைத்துத் தேடினால் சுற்றிச் சுற்றி வர வேண்டியதுதான். இதை ரிட்டர்ன் நெருக்கடி இல்லாத வாரத்தில் செய்யுங்கள். விண்டோஸ் 10-க்கு நீட்டிப்பு வாங்கியவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நேரம் இருக்கிறது, ஆனால் தசராவும் தீபாவளியும் வரும் சமயத்தில் கடையை விட்டு எஸ்.பி. ரோட்டுக்குப் போக யாருக்கும் கால் வராது.